திங்கட்கிழமைத் துணி

டன்னிங் மில்ஸ், நியூ ஹாம்ப்ஷயர்
30 செப்டம்பர் 1976

அன்புள்ள கோரா,

திங்கட்கிழமை காலை உன் அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள். நான்கு மணி நேரம் கழித்துக் கிடைத்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, இடது கால் செருப்பு மட்டும் போயிற்று. தெல்மா உனக்கு ஃபோனில் சொன்னது இவ்வளவுதான் என்றால் அது உண்மை. அதற்கு மேல் சொல்லியிருந்தால், அவள் நாடகம் நடத்துகிறவள் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

உன் கடிதமும் அந்த முதியோர் இல்லத்தின் வண்ணப் புத்தகமும் நேற்று வந்தன. நவம்பர் ஒன்றாம் தேதி அங்கே ஓர் அறை காலியாகிறது, அம்மாவைச் சேர்த்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். நல்ல இடம். கூரை புதிது, கொதிகலன் புதிது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் சரக்கு நல்லது என்பதற்காக மட்டும் நான் எதையும் வாங்கியதில்லை, நமக்கு அது பொருந்துமா என்று பார்ப்பேன். ஃபோனில் பேசினால் நீயும் நானும் மூன்றாவது நிமிடத்தில் சண்டையில் நிற்போம். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஊர் நாடகம் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. நீ போய் இருபது வருஷம் ஆகிறது. ஒரு பள்ளிக்கூட ஆசிரியை 1911இல் எழுதியது, அன்றிலிருந்து ஒவ்வொரு அக்டோபரும் டவுன் ஹாலில் நடக்கிறது. ஒரு திங்கட்கிழமை. பெண்கள் துணி துவைத்துக் காயப்போடுகிறார்கள், ஆண்கள் நூற்பாலைக்குப் போகிறார்கள். சாயங்காலம் மழை வருகிறது. எல்லாரும் ஓடிப்போய் எல்லார் கொடியிலிருந்தும் துணியை அள்ளிக்கொண்டு வந்து, விளக்கடியில் உட்கார்ந்து இது உன்னுடையது இது என்னுடையது என்று பிரிக்கிறார்கள். திரை. ஒருவரும் சாவதில்லை, ஒருவரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. இதை எவன் இரண்டாம் முறை காசு கொடுத்துப் பார்ப்பான் என்று நாற்பது வருஷம் கேட்டேன். ஊரே பார்த்தது. நான் மேடைக்குக் கயிறும் கிளிப்பும் கொடுத்ததோடு சரி, அதுவும் கொள்முதல் விலைக்கு. முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. சனிக்கிழமை என்றால் ஹார்ட்வேர் கடையில் கூட்டம்.

உன் அம்மா அதில் ஈபன் என்கிற ஆலைத் தொழிலாளியின் மனைவியாக முப்பது வருஷம் நடித்தாள். போன வருஷமும் நடித்தாள். மூன்று அங்கத்திலும் ஓர் எழுத்து பிசகவில்லை. ஊர் எழுந்து நின்று கைதட்டியது. கூட்டிப்போக வந்த என்னை ஹால் வாசலில் பார்த்து, "நீங்க எந்தப் பக்கம் போறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். விளையாட்டு என்று நினைத்து, "உங்க வீட்டுப் பக்கம்தாம்மா" என்றேன். "நல்லதாப் போச்சு, எனக்கு வழி தெரியலே" என்றாள். எனக்குத் தெரிய வந்தது அப்படித்தான்.

பனிக்காலம் முடிவதற்குள் அவளுக்குப் பேச்சு என்று மிஞ்சியது அந்த நாடகம் மட்டுமே. காலையில் நான் கடைக்குக் கிளம்பினால், "ஈபன், சாப்பாட்டுத் தூக்கை மறந்துட்டுப் போறியே, என்ன மனுஷன் நீ!" என்பாள். முதல் வாரம் எனக்குச் சுருக்கென்றது. நாற்பத்தொரு வருஷம் ஆம்ப்ரோஸ் டாகெட்டாக இவளோடு குடித்தனம் செய்தவன், ஈபன் யார்? பிறகு யோசித்தேன். ஆம்ப்ரோஸ் கேட்டால் அவள் பதில் சொல்வதில்லை. ஈபனுக்குச் சொல்கிறாள். சரி, ஈபனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். தெல்மாவிடம் நாடகப் பிரதி வாங்கி, கல்லாவுக்கு அடியில் வைத்து ஆணி நிறுக்கிற நேரத்தில் மனப்பாடம் செய்தேன். இப்போது அவள் தூக்கை நீட்டினால், "பசிச்சா வந்து எடுத்துக்கறேன், உன்னையும் இன்னொரு தடவ பாத்த மாதிரி ஆச்சு" என்கிறேன். அவள் முகம் சிவந்து போகிறது, கோரா. அறுபத்தாறு வயதில். சொந்த வாயால் அப்படி ஒரு வார்த்தை நான் அவளிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஊரில் அந்த நாடகத்தில் நடிக்காதவர் யார்? தபால் ஆபீசில் அவள் ஒரு வரி சொன்னால் ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வரி வருகிறது. நூலகத்தில் ஒரு வரி, பாலத்தடியில் ஒரு வரி. அவள் ஒரு திங்கட்கிழமைக்குள் நடந்து போகிறாள், ஊர் அவளுக்குக் கதவு கதவாகத் திறந்து விடுகிறது. ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வருகிற காலைகளில் எனக்கே எந்த வருஷம் என்று பிடிபடுவதில்லை. ஆலையை மூடிவிட்டார்கள், சங்கு ஊதிப் பன்னிரண்டு வருஷமாகிறது. கடைப் பூட்டில் சாவியை வைத்துக்கொண்டு அது ஊதட்டும் என்று காத்து நிற்கிறேன்.

இனி இந்தத் திங்கட்கிழமை நடந்தது. ஈரத் தலையணை உறைகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு உன் அம்மா புதுப் பேக்கரிக்குள் போயிருக்கிறாள். அதை நடத்துகிற மிஸஸ் கெஸ்லர் பாஸ்டனிலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. "உங்க கொடியில எடம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள் உன் அம்மா. நாடகத்தில் பக்கத்து வீட்டுக்காரி, "ஒனக்கு இல்லாத எடமா, வா" என்பாள். கெஸ்லர் பாவம், நாடகம் பார்க்காதவள். "இங்க கொடியெல்லாம் இல்லீங்களே, அடுத்த ஊர்ல காசு போட்டுத் துவைக்கிற மெஷின் இருக்கு, இந்த ரோட்டுலயே நேராப் போங்க" என்று நல்ல மனதோடு கையைக் காட்டியிருக்கிறாள். உன் அம்மாவும் நேராகப் போய்விட்டாள். இரண்டு மைல். தூறல் விழும்போது ஆற்றின் மேல் கூரை போட்ட மூடுபாலத்தில் கண்டுபிடித்தோம். கைப்பிடிக் கட்டை நெடுகத் தலையணை உறைகளைக் காயப்போட்டுவிட்டு, கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் முதலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அப்புறம்தான் உறைகளை எடுத்தேன்.

தொலைந்ததை நான் சமாளித்துவிடுவேன். கதவுக்கு மணி கட்டிவிட்டேன். மதியத்தோடு கடையை அடைக்கப் போகிறேன். என்னால் முடியாதது வேறொன்று, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

திங்கட்கிழமைதோறும் நான்கு மணிக்குப் பின்கட்டில் கூடையோடு கொடியடியில் போய் நிற்கிறாள். துணியை எடுப்பதில்லை, உள்ளே வருவதுமில்லை. நாடகத்தில் அந்த இடத்தில் மேடைக்கு ஒரு குழந்தை ஓடி வந்து, "அம்மா, இதுல நம்ம துணி எது, அவங்க துணி எது?" என்று கேட்க வேண்டும். அவளிடமுள்ளது பதில் மட்டும்தான். கேள்வி வராமல் பதில் எப்படி வரும்? நான் கேட்டுப் பார்த்தேன். என் ரம்பக் குரலைக் கேட்டு, வாசலில் விற்க வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். தெல்மா கேட்டாள், அதுவும் ஆகவில்லை. போன வாரம் ஒரு மணி நேரம் நின்றாள். இப்போது செப்டம்பர். டிசம்பரில் இப்படி நின்றால் நீ சொல்வதுதான் சரி. அந்த இல்லத்துக்கு நானே வண்டி ஓட்டிக் கூட்டிப்போவேன்.

ஒன்பது வயதில் அந்தக் குழந்தையாக நடித்தவள் நீ. மூன்று வருஷம் தொடர்ந்து நடித்தாய். உன் குரலில் அன்றிருந்த கரகரப்பு இன்னும் இருக்கிறது. நான் கேட்பது இதுதான். திங்கட்கிழமை நான்கு மணிக்கு ஃபோன் செய்து அந்த ஒரு வரியை மட்டும் சொல். நீ இருக்கிற டூசானில் அப்போது பகல் ஒரு மணி, நீ பாடம் நடத்துகிற பள்ளியில் சாப்பாட்டு இடைவேளை. கட்டணத்தை என் பெயருக்கு மாற்றிவிடும்படி ஆபரேட்டரிடம் சொல். ஐம்பது அடி ஒயர் இழுத்து ஃபோனைப் பின்கட்டு வரை கொண்டுபோக ஏற்பாடு செய்துவிட்டேன்.

ஏப்ரலில் நீ வந்தபோது உன்னைப் பார்த்து, "யாரும்மா நீ?" என்று கேட்டாள். நீ இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிப் போனாய். நான் தடுக்கவில்லை. நானும் ஹால் வாசலில் நின்றவன், அது எங்கே குத்தும் என்று தெரியும். அவசரத்தில் உன் நீலக் கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டாய். உன் பாலைவனத்தில் அதற்கு வேலையில்லை என்று நான் அனுப்பவில்லை.

வரும் திங்களன்று நான்கு மணிக்கு ஃபோனைக் கையில் வைத்திருப்பேன். நீ நன்றாக இரு, மகளே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
ஆம்ப்ரோஸ்


டன்னிங் மில்ஸ்
19 அக்டோபர் 1976

அன்புள்ள கோரா,

நேற்று நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு ஃபோன் அடித்தது. அதற்கு முந்திய இரண்டு திங்களும் நான் மடையனைப் போலக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு பின்படியில் உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். நீ யோசித்து முடிவெடுக்கிறவள், என்னைக் கொண்டு பிறந்தவள்.

உன் குரல் இந்தப் பக்கம் என்ன செய்தது என்று உனக்குத் தெரியாதே, அதைச் சொல்கிறேன். மூடுபனி இறங்கியிருந்தது. கொடியில் படுக்கை விரிப்புகள் தவிர வேறெதுவும் தெரியவில்லை, அவற்றின் நடுவே அவள் நின்றாள். நான் கருவியை அவள் காதில் வைத்தேன். நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவள் தலையை மட்டும் சாய்த்தாள், எங்கோ தூரத்தில் சங்கு ஊதினால் சாய்ப்பது போல. பிறகு, "எல்லாத்தையும் எடு கண்ணு, அப்புறமா பிரிச்சுக்கலாம்" என்றாள். அது உனக்குக் கேட்டது, நீ அழுததும் எனக்குக் கேட்டது. கிளிப்பெல்லாம் ஏப்ரனில் போட்டுக்கொண்டு, மொத்தத் துணியையும், வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டார் காயப்போட்டிருந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு விறுவிறு என்று உள்ளே போய்விட்டாள்.

"அப்பா, நான்னு அவளுக்குத் தெரிஞ்சுதா?" என்று நீ கேட்டாய். எடை போடாத சரக்குக்கு நான் உறுதி சொல்வதில்லை, தெரியவில்லை என்றேன். இப்போது ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ ஃபோனை வைத்த பிறகு சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். விரிப்பின் ஒரு முனை அவள் கையில், ஒரு முனை என் கையில். கிட்டே வந்து முனையைச் சேர்க்கும்போது, "அந்தப் பொண்ணு கோட்டப் போடாமப் போயிட்டா, குளிருமே" என்றாள். அடுத்து ஈபன் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். இன்று காலை கடையில் கல்லாவுக்கடியிலிருந்த பிரதியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் பார்த்தேன். அதில் கோட்டு இல்லை, கோரா. எங்குமே இல்லை.

நாடகம் ஒன்பதாம் தேதி நடந்தது. முதல் முறையாகக் கடையை அடைத்துவிட்டு மூன்று அங்கமும் உட்கார்ந்து பார்த்தேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. மேடையிலிருந்தவர்கள் ஒவ்வொரு வரிக்கு முன்னும் கொஞ்சம் நிறுத்தினார்கள், அவள் முணுமுணுத்து முடிக்கட்டும் என்று. மிஸஸ் கெஸ்லர் முன்வரிசையில் உட்கார்ந்து பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள். பேக்கரிக்குப் பின்னால் இப்போது ஒரு கொடி கட்டியிருக்கிறாள். கயிறு நான் கொடுத்தது. காசு வேண்டாம் என்றதற்கு, "அப்ப அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரி வேஷம் எனக்குத்தான், தெல்மாகிட்ட நீங்களே பேசிடுங்க மிஸ்டர் டாகெட்" என்றாள். பேசிவிட்டேன்.

நமக்குள் நேற்று ஃபோனில் பேசி முடித்ததை, பின்னால் தகராறு வராமல் எழுதி வைக்கிறேன். நவம்பர் அறை வேண்டாம் என்று அந்த இல்லத்துக்கு நீ எழுதிவிடுகிறாய். ஏப்ரல் வரை அவள் என்னோடு. நடுவில் இன்னொரு முறை ஊர் எல்லையைத் தாண்டினால் மறுபேச்சில்லாமல் உன் முடிவுக்கு நான் கட்டுப்படுகிறேன். திங்கட்கிழமை நான்கு மணிக்கு உன் வரி. இம்மாதக் கடைசியில் இங்கே கடிகாரத்தைத் திருப்பிவிடுவோம், பிறகு உனக்கு அது இரண்டு மணி. கட்டணம் என்னுடையது. கோட்டு ஆணியிலேயே இருக்கும், தபாலில் அனுப்பப்பட மாட்டாது. நீயே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா