பகலில் எரிந்த விளக்கு

6 அக்டோபர்
புதுக் காரை இயக்கியதும் முன்னால் இரண்டு வெள்ளை விளக்குகள் தாமாகவே எரிகின்றன. அணைக்க ஸ்விட்ச் கிடையாது. பகலிலும் எதிரே வருபவர் கண்ணில் பட வேண்டுமாம், விபத்து குறையுமாம். எவ்வளவு குறையும் என்று விற்றவரைக் கேட்டேன். சிரித்தார். புள்ளியியல் கற்பிப்பவளுக்கு அந்தச் சிரிப்பு போதாது. சாம்பல் நிறம், என் கணவர் ஸ்தனிஸ்லாஸ் தேர்ந்தெடுத்தது.

9 அக்டோபர்
என்னைக் கல்லூரியில் விட அவர்தான் ஓட்டினார். குப்பனூர் இறக்கம் முழுக்க எதிரே வந்தவர்கள் விரல்களை மூடித் திறந்து காட்டினார்கள் — லைட் எரியுது. இவர் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். இவர் கணக்கு எழுதும் எஸ்டேட்டில் காப்பி பறிக்கும் பெண்கள், "ரைட்டரய்யாவுக்குப் பகல்லயே கண்ணு தெரியலீங்களாட்ட" என்று கேட்டார்களாம்.

17 அக்டோபர்
சில ஆய்வுகளைப் படித்தேன். நல்ல வெயிலில் பெரிய பலன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மங்கிய வெளிச்சத்தில் — இருக்கலாம். இங்கே மலையில் பனி மூடும் மாதங்கள் இனிமேல்தான்.

26 அக்டோபர்
சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில் சொன்னார். மெக்கானிக் பெருமாளிடம் காரை விட்டு அந்த விளக்குகளின் வயரைக் கழற்றிவிட்டாராம்.
"எதுக்கால வர்றவங்க அத்தன பேரும் அக்கறையாச் சொல்றாங்க. காதுல வாங்காதவனாட்ட எப்பிடிம்மா போறது?"
மூடுபனி வந்தால்? பெரிய லைட்டைப் போட்டுக்கொள்வாராம். போடமாட்டார். இருட்டுமுன் லைட் போடுவது அவருக்கு ஆகாது. சென்னையிலிருக்கும் மகள் ஃபெபியிடம் போனில் சொன்னேன். அப்பா ஓட்டாத ரோடா என்று சிரித்தாள்.

11 நவம்பர்
பஸ்ஸில் திரும்பினேன். ஹாரன் கேட்ட பிறகுதான் திருப்பத்தில் ஒரு ஜீப் உருவானது. அதற்கு லைட் இல்லை. வீட்டுக்கு வந்து மறுபடி சொன்னேன். நாளைக்கு மாட்டிவிடலாம் என்றார்.

12 நவம்பர்
மழை. பெருமாள் கடை திறக்கவில்லை.

13 நவம்பர்
மாரமங்கலம் போயிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரமே தெரியவில்லை. மதியம்தான் ஆகிறது. போனை எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கமாட்டார், அதுதான். இன்னும் ஏன் வரல? இந்தப் பனியில எதுக்குக் கிளம்பணும் இந்த மனுசன்?

23 நவம்பர்
அடக்கம் முடிந்து ஒரு வாரம். இவர் வண்டியில் மோதிய பஸ்ஸின் டிரைவர் சிவக்குமார் வந்தார். நெற்றியில் கட்டு. வேகமாக ஓட்டியதாக வழக்கு, வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். வாசலைத் தாண்டி வரவில்லை.
"மெதுவாத்தானுங்க வந்தேன், அக்கா. வண்டி வந்ததே தெரியலீங்க."
ஃபெபி கதவைச் சாத்தினாள். பிறகு தாழ்ந்த குரலில், "வயர் விசயத்த யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மா. அப்பா மேல தப்புன்னு ஆயிரும்."

2 டிசம்பர்
விசாரணைக்குப் போனோம். காரில் விளக்கு எரிந்ததா என்று கேட்டார்கள். பெரிய விளக்கைப் போட்டிருந்தாரா என்பது எனக்குத் தெரியாது என்றேன். வயரைக் கழற்றியது தெரியும், அதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.
திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஃபெபி எனக்கு மூன்று வரிசை பின்னால் போய் உட்கார்ந்தாள்.