தள்ளிவைத்த நடுச்சுவர்

2006 ஜூலை, செவ்வாய்.

எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் பயம் என்று பள்ளிக்கூட வேலைக்குப் பிறகு நான் பொறுப்பேற்ற கொட்டகலை ஆவண அலுவலகத்தில் சொல்கிறார்களாம். தவறு. யோசிக்காமல் வேலை செய்கிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

சர்வரில் விழாப் படங்கள் வைக்கும் பகுதி நிரம்பிவிட்டது. தோட்டத்துப் பிறப்புப் பதிவேடுகள் உள்ள பகுதியில் இடம் மிச்சம் இருந்தது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் செல்வராஜ் இன்று காலை பதிவேட்டுப் பகுதியைக் குறைத்துப் படப் பகுதியைக் கூட்டினான்.

“தோட்டத்து லயத்துல ஒட்டி ஒட்டி இருக்கிற ரெண்டு வீட்டுக் காம்பராவுக்கு நடுவுல இருக்கிற சுவரத் தள்ளி வைக்கிற மாதிரிதாங்க டீச்சர்.”

“தள்ளுறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறவங்கள ஒதுங்கச் சொன்னியா?”

சிரித்தான். “அதெல்லாம் தானா ஒதுங்கிக்கும் டீச்சர்.”

ஒதுங்கவில்லை. மதியம் கொழுந்து பறிக்கும் ஒருத்தி, அடையாள அட்டைக்காக மகளின் பதிவைக் கேட்டு வந்தாள். அந்தப் பக்கம் திறக்கவில்லை. அதற்குப் பின்னால் உள்ள எதுவும் திறக்கவில்லை. உள்ளே இருப்பதை முதலில் சுருக்கிவிட்டுத்தான் பகுதியைக் குறைத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் செல்வராஜ் சொன்னான். வெட்டிய இடத்தில் இருந்த பதிவுகளின் மேல் அதற்குள் விழாப் படங்கள் ஏறத் தொடங்கிவிட்டன.

“நாளைக்கு வாம்மா” என்று அவளை அனுப்பிவிட்டேன். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டதே என்று, பூஞ்சணம் பிடித்த பழைய காகிதப் பதிவேடுகளை எரிக்கச் சொல்லிப் போன மாதம் கையெழுத்திட்டவள் நான். அதை அவளிடம் சொல்லவில்லை.

நாளைக் காலையில் செல்வராஜின் மேசையில் வைக்க ஒரு தாள் எழுதியிருக்கிறேன்: “பகுதியைக் குறைப்பதற்கு முன் பதிவேடுகளைப் பிரதி எடுத்தீர்களா, இல்லையா? எழுத்தில் பதில் தரவும்.”