தலை மட்டும் உள்ள பாம்பு

அன்பு மகள் சுண்டுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நலமா என்பது இந்தக் கடிதத்தை முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிடும். உன் அப்பாவைக் காலை எட்டரைக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள், இப்போது மணி பதினொன்று. நான் கதவுக்கு வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் உன் அத்தை, பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, தம்பியை உள்ளே அனுப்பிய கவலையில் என் தோளில் சாய்ந்து குறட்டை விடுகிறார். கை சும்மா இருந்தால் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிடுவேன், அதனால் நர்ஸிடம் தாள் கேட்டு வாங்கி எழுதுகிறேன். போனில் சொன்னால் நானும் அழுவேன், நீயும் அழுதுகொண்டே டிக்கெட் எடுப்பாய்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல், அதனால் ஆபரேஷன் தள்ளிப்போயிற்று என்று சொன்னேன் அல்லவா, காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை. ஸ்ட்ரெச்சரில் போய்க்கொண்டிருந்தவர் பாதி வழியில் நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்தப் பச்சை அங்கியோடு வெறுங்காலில் வார்டுக்குத் திரும்பி நடந்துவிட்டார். காரணம் நான்தான், நான் வரைந்த கூரைதான். படுத்தபடி போகிறவர்களுக்கு வெறும் வெள்ளையைத் தவிர பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று பெரிய டாக்டர் தியேட்டருக்குப் போகும் இந்த நடையின் கூரையை என்னிடம் ஒப்படைத்தது உனக்குத் தெரியும். நீ அனுப்பிய பழைய வானப் படங்கள் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதம் சாரத்தில் நின்று கழுத்து சுளுக்கிக்கொள்ள வரைந்தேன். அந்தக் காலத்து மனிதர்கள் நினைத்த மாதிரியே தட்டாக ஒரு பூமி, சுற்றிலும் கடல், மேலே கவிழ்த்த சட்டியாக வானம், நிலாவை விழுங்கும் பாம்பு. நடை அறுபதடி நீளம், அதை நிரப்ப வேண்டுமே, பாம்புக்கு உடம்பை நீட்டிக்கொண்டே போனேன். நடை தொடங்கும் இடத்தில் வாய், தியேட்டர் கதவருகே வால். நீகூடப் போனில், அம்மா அந்தப் பாம்புக்குத் தலை மட்டும்தான், உடம்பே கிடையாது, முழுங்கின நிலா கழுத்து வழியா வெளிய வந்துடும், அதனாலதான் கிரகணம் விடுதுன்னு நம்பினாங்க, புத்தகத்தை ஒழுங்காப் படி என்று சொன்னாய். வரைவது நானா நீயா என்று உன் வாயை அடைத்தேன். செதில் அவ்வளவு அழகாக வந்திருந்தது, விட மனசு வரவில்லை. நீ சொன்னதுதான் சரி. இதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள், இன்னொரு தடவை எழுதித் தர மாட்டேன்.

இந்த நடை இருப்பது மாடியில், அப்பாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கும் என்பதால் அன்றைக்குத்தான் அதை முதல் முதலாகப் பார்த்தார், அதுவும் படுத்துக்கொண்டு. என் வீட்டுக்காரி உள்ள போக வழி போட்டிருக்கா, வெளிய வர்றதுக்கு வழி எங்கய்யா போட்டிருக்கா என்று ஸ்ட்ரெச்சர் தள்ளியவரிடம் கேட்டாராம். முப்பத்தைந்து வருஷம் லாரி ஓட்டியவர், திரும்ப முடியாத சந்துக்குள் வண்டியை விட மாட்டார். எனக்கு மானம் போயிற்று. வார்டு என்றும் பார்க்காமல் கத்தினேன், இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு அந்த வழியாகத்தான் போனார்கள், கட்டின புருஷனுக்குத்தான் என் படம் ஆகவில்லையா என்று கேட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பெரிய டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, வால்வு ரொம்ப மோசமா இருக்கும்மா, இன்னொரு தடவை தள்ளிப்போட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. காலியாக இருந்த ஒரு ஸ்ட்ரெச்சரில் நானே ஏறிப் படுத்து, தள்ளச் சொன்னேன். பாதி தூரம்கூடத் தாங்கவில்லை சுண்டு. வாய்க்குள் நுழைந்து வயிற்றுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது, வால் முடிகிற இடத்தில் கதவு. மூன்று மாதமும் நின்றுகொண்டே வரைந்தேன், ஒரு தடவையாவது படுத்துப் பார்க்கத் தோன்றவில்லையே.

டாக்டரிடம் நாலு நாள் கேட்டேன், அதுக்குள்ள முடியலைன்னா வெள்ளை அடிச்சிடுவோம் என்றார். கழுத்தோடு பாம்பை வெட்டினேன். செதில்களையெல்லாம் நீலத்தால் மூடும்போது அழுகை வந்தது, மூடினேன். வெட்டின கழுத்து வழியாக நிலா வெளியே வருகிறது, அங்கிருந்து கதவு வரை வெறும் வானம், கதவுக்கு முன்னால் முழு நிலா. அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை, கண்ணை மூடிக்கிட்டுப் போங்க என்றதற்கு, நான் என்னிக்குடி கண்ணை மூடிக்கிட்டு வண்டியில போனேன் என்றார். பாம்பின் வாய் வந்ததும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார், இன்னும் வலிக்கிறது. கழுத்துக்குக் கீழே வந்ததும் நிறுத்தச் சொன்னார். எனக்கு உயிரே போய்விட்டது, மறுபடியும் இறங்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ரொம்ப நேரம் மேலே பார்த்தார். பிறகு, சரி, வழி இருக்கு, வண்டிய எடுங்க என்றார்.

மூன்று மணி நேரம் என்றார்கள், இப்போது மணி பன்னிரண்டாகப் போகிறது. உள்ளேயிருந்து வந்த ஒரு நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் போனாள், அவசரமாக இருக்கலாம். முழு நிலா என் தலைக்கு நேர் மேலேதான் இருக்கிறது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை, கதவையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது சுண்டு. அவர் வராமல் போனால் அன்றைக்கு வார்டில் நான் அவரிடம் கோபமாகப் பேசியதெல்லாம் என்னோடுதான் இருக்கும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, தலைவலியை மாத்திரை போட்டு ஏமாற்றாமல் டாக்டரிடம் காட்டு. அப்பா கேட்டால் காய்ச்சல் என்று நான் சொன்னதை நம்பியதாகவே இரு, அவருக்கும் மானம் உண்டு. ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு, என் ஆயுளிலும் கொஞ்சம் சேர்த்து உனக்கு.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்காத அம்மா

பின்குறிப்பு: பன்னிரண்டே முக்காலுக்குக் கதவு திறந்தது. நல்லா முடிஞ்சுதும்மா என்றார் பெரிய டாக்டர், அத்தை இன்னும் அழுதுகொண்டிருக்கிறார். அப்பாவை இந்த நடை வழியாகத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். மயக்கத்தில் கண் மூடியிருந்தது, அவருக்குப் பதிலாக நான் கூரையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே கூடப் போனேன்.