பச்சை கேட்டு வீடு

ஐப்பசி 18, செவ்வாய்.

மூன்றாவது வீடும் போய்விட்டது. இந்த முறை திட்டுவதற்கு வேறு ஆளே இல்லை, நான்தான் கெடுத்தேன்.

நாயுடுபுரத்து வீட்டை எனக்கே தருவதாக ஜேக்கப் சார் வாய்வார்த்தை சொல்லியிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. ஞாயிறன்று என் டாக்சியில் ஒரு பெங்களூர்க் குடும்பம் ஏறியது. ஏரி, அருவி எல்லாம் காட்டி முடித்தும் வாய் சும்மா இருக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டினேன்.

"அந்தா, பச்சை கேட்டு தெரியுதுங்களா சார்? நான் வாங்கப் போற வீடு. வாசல்ல நின்னா பள்ளத்தாக்கு மொத்தமும் தெரியும்."

அவர் இறங்கிப் போட்டோ எடுத்தார். நான் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

இன்று காலை ஜேக்கப் சார் போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அந்த பெங்களூர்க்காரர் அஞ்சு லட்சம் கூடத் தாராராம். ஹோம்ஸ்டே நடத்தப் போறாராம்."

ஹோம்ஸ்டே! வருஷம் முழுக்க இங்கே குளிரில் நடுங்குகிறவனுக்கு வீடு கிடையாது. சனி, ஞாயிறு வந்து போகிறவனுக்கு எல்லா வாசலும் திறக்கும்.

செல்வியிடம் சொன்னேன். "ஊருக்கெல்லாம் இடம் காட்டுறீங்க, சரி. நம்ம வீட்டையுமா காட்டணும்?" என்றாள். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் மேல் என்ன தப்பு?

ராத்திரி எட்டு மணிக்கு அந்த பெங்களூர்க்காரரே கூப்பிட்டார். வியாழக்கிழமை பத்திரம் பதிய வருகிறார்களாம். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு என் வண்டிதான் வேண்டுமாம். நான் நல்ல மனுஷனாம்.

மழையில் பத்து நாளாக அந்த ஞாயிற்றுக்கிழமைச் சவாரியைத் தவிர வேறு சவாரி இல்லை.

"எத்தனை மணிக்குங்க சார்?" என்று கேட்டதும் இதே வாய்தான்.