ஹஸ்பண்ட் என்ற சொல்லின் முதல் அர்த்தம்

தியாகதுருகம்
பங்குனி 20

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெயசுதா எழுதுவது. நானும் அத்தையும் இருக்கிறோம். திருப்பூரில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தைக்கு முட்டி வலி ஜாஸ்தி. கறுப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் தேவிப்ரியா என்ற பெண் எழுந்து, மாட்டாஸ்பத்திரி போர்டில் ஹஸ்பண்டரி என்று இருக்கிறதே, "அதுக்கும் ஹஸ்பண்டுக்கும் இன்னா மிஸ் சம்பந்தம்" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. பதினோரு வருடமாக இங்கிலீஷ் நடத்துகிறேன், எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை கள்ளக்குறிச்சி நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். ஆயிரம் வருடப் பழைய சொல்லாம். முதலில், வீட்டில் குடியிருப்பவன், வீட்டுக்கு உடையவன் என்றுதான் அர்த்தம். பிறகு நிலத்தை உழுது மாடு கன்று பார்க்கிறவனுக்கு அந்தப் பெயர் வந்தது. போர்டில் இருப்பது அதுதான். தாலி கட்டியவன் என்பது கடைசியில் வந்து சேர்ந்ததாம். அங்கேயே மேசையில் தலை கவிழ்ந்து அழுதுவிட்டேன். நூலகர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நேற்று உங்கள் அண்ணன் வந்து, "சித்திரை பொறக்கப் போவுது, பொன்னேர் பூட்ட அவன் வரானா இன்னா" என்று கேட்டார். வருடத்தின் முதல் ஏரைக் கொல்லைக்காரன்தான் ஓட்ட வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக இருந்ததால் இரண்டு வருடமாக நம் கொல்லையில் ஏர் இறங்கவில்லை. நான் பேசிச் சம்மதிக்க வைத்து, கண்ணாயிரம் அண்ணனுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். கிணற்றின் மேல் கம்பி வலையும் போட்டாயிற்று.

மோட்டார் போட நீங்கள் திரும்பிய ஒரு நிமிடம்தான். நான் இருந்திருந்தாலும் திரும்பித்தான் இருப்பேன். ஆனால் செழியனைக் கிணற்றிலிருந்து தூக்கி வந்தபோது, ஊரார் முன்னால், "ஒரு புள்ளையப் பாத்துக்கத் துப்பில்லியா உனக்கு" என்று மரியாதைகூட இல்லாமல் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நீங்களும் அவனைப் பெற்றவர்தானே. ஈரச் சட்டையோடு நின்றீர்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

இனி நீங்கள் கொல்லைப் பக்கமே போக வேண்டாம். ஏர் பிடிக்க வேண்டாம். எனக்குப் புருஷனாக இருப்பதும் உங்களால் முடிகிறபோது பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சொல்லின் முதல் அர்த்தத்துக்கு மட்டும் வாருங்கள் மாமா. வந்து வீட்டில் இருங்கள், போதும்.

இப்படிக்கு,
செழியனின் அம்மா
ஜெயசுதா