கார்த்திகேசு மாமா படகின் பம்ப் வயர்

கிள்ளான்,
12 ஏப்ரல்

அன்பு மகன் லோகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஷாமினியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், கூச்சிங்கில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றுகிறாள். நீ போன் எடுப்பதில்லை, மெசேஜ் போட்டால் படிப்பதில்லை, அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். எனக்குத் தொழிற்சாலையில் ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம், இதுவும் அப்படித்தான் வரும். ஷாமினி உன் தங்கைதானே, அவளும் பேச்சைக் குறைத்துவிட்டாள். நேற்று ரசத்தில் உப்பே இல்லை, மூன்று பேரும் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனோம். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் கார்த்திகேசு மாமா ஒருவர்தான், அவரும் கடலோடு போய்விட்டார். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, ஏன் என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாமாவின் படகைப் போன மாதம் தெலுக் கோங் ஜெட்டியில் கரையேற்றிவிட்டார்கள். நான் லீவு போட்டுப் போய் பேட்டரியிலிருந்து, படகுக்குள் ஏறும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப் வரைக்கும் நீ டிசம்பர் லீவில் போட்ட வயரை முழுசாக உருவி எடுத்துவந்தேன். உன் வேலையில் குறை ஒன்றும் இல்லை, கிளிப் ஒரே இடைவெளியில் இருக்கிறது, பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இணைப்புகளை நன்றாக இறுக்கியிருக்கிறாய். குறை வயரின் சைஸில். பேட்டரி முன்னால், பம்ப் பின்னால், நடுவில் ஆறு மீட்டர். பம்ப் இழுப்பது பதினைந்து ஆம்பியர். கரண்ட் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும், ஆகவே கணக்கில் பன்னிரண்டு மீட்டர். நீ போட்ட இரண்டரை சதுர மில்லிமீட்டர் சைஸ் வயரில் அந்தத் தூரத்துக்கு ஒன்றேகால் வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. வீட்டில் இருநூற்று நாற்பது வோல்ட், ஒன்றேகால் குறைந்தால் பேன்கூடக் கண்டுகொள்ளாது. படகில் இருப்பதே பன்னிரண்டு வோல்ட், அங்கே அது பத்தில் ஒரு பங்கு. போதாததற்கு அது வீட்டு வயர், செம்புக்கு ஈயப்பூச்சு இல்லை, உப்புக் காற்றில் முனை கறுத்துவிட்டது. அதே மாதிரி பம்ப் ஒன்று வாங்கி, வீட்டுக்குப் பின்னால் பெரிய தோங் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, அந்த வயரிலேயே ஓட்டிப் பார்த்தேன். தோங் காலியாக இரண்டேகால் நிமிடம் ஆனது. பத்து சைஸ் வயரை மாற்றிப் போட்டேன். ஒன்றேகால் நிமிடம். நம்பாமல் நான்கு முறை செய்தேன், ஒரே பதில்தான். படகில் தண்ணீர் ஏறிய அன்றைக்கு மாமா மீன்பிடிக்க ஏற்றிப்போன இரண்டு பேர் பிழைத்து வந்து சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும், 'பம்ப் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு அண்ணே, தண்ணிதான் குறையல' என்றார்கள். மழையும் அலையும் நம் கையில் இல்லை. வயர் நம் கையில் இருந்தது.

இப்போது நீ கவனமாகப் படிக்கவேண்டியது. டிசம்பர் பதினெட்டாம் தேதி நீ கடையில் நின்றுகொண்டு எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய், 'அப்பா, கடைக்காரர் பத்து போடச் சொல்றாரு, படகுக்கு எப்பவும் பெருசுதான்னு சொல்றாரு, என்னா செய்ய' என்று. நான் பதிலுக்கு அனுப்பியதும் இன்னும் என் போனில் இருக்கிறது, 'அவன் வியாபாரம் பண்ணப் பாக்குறான்லா, வீட்டு சாக்கெட்டுக்கே ரெண்டரைதான், இருபது ஆம்பியர் தாங்கும், போட்டுட்டு வா, டைம் வேஸ்ட் பண்ணாத.' என் பதில் மொத்தமே எட்டு விநாடி. வயர் சூடாகுமா என்றுதான் பார்த்தேன், எவ்வளவு வோல்ட் போய்ச் சேரும் என்று பார்க்கவில்லை. இருபது வருடமாகத் தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு வயர் போட்டவனுக்கு அது தோன்றவே இல்லை. உனக்குத் தோன்றியது, அதனால்தான் கேட்டாய். மாமாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று எல்லோர் முன்னாலும், மாமாவை இழந்து நின்ற சந்திரகலா அத்தை யார் வயர் போட்டது என்று கேட்டபோது நீ 'நான்தான் அத்தை' என்று சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். சைஸ் சொன்னது நான் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் நீ பாலிடெக்னிக் வேண்டாம், இனி வயரையே தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய், அப்போதும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போய் இரண்டு மெசேஜையும் போட்டுக் காட்டினேன். அம்மாவும் கூட இருந்தாள், அவளுக்கும் அப்போதுதான் தெரியும். அத்தை இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். 'இத சொல்ல உங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சா அண்ணே, அந்தப் புள்ள என் மூஞ்சப் பாக்காமயே போச்சே' என்றார். பிறகு எனக்கு மட்டும் தேநீர் கொடுக்கவில்லை. அது சரிதான். கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, படகை ஜூனில் ஒருவர் வாங்கிக்கொள்வதாகவும், வயரை ஒழுங்காக மாற்றாமல் யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றும், அதை லோகன் வந்துதான் செய்யவேண்டும், உங்களை நம்பமாட்டேன் என்றும் சொன்னார். அம்மா இன்னும் என்னோடு அளவாகத்தான் பேசுகிறாள்.

பாலிடெக்னிக்கில் உன் இடத்தை ஜூலை வரைக்கும் வைத்திருப்பதாகச் சொன்னார்கள், நேரில் போய்க் கேட்டுவிட்டேன். நீ வா என்று கட்டாயப்படுத்தவில்லை, கட்டாயப்படுத்தும் யோக்கியதை இப்போது எனக்கு இல்லை. அங்கே நீ வேலை செய்யும் கிடங்கில் மூட்டை தூக்கும்போது முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு. வேளைக்குச் சோறு சாப்பிடு, மீ நூடுல்ஸ் மட்டும் தின்று நாளை ஓட்டாதே. அத்தைக்கு ஒரு போன் செய், எனக்குச் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, நீ எந்த வேலை செய்தாலும்.

ஒன்று மறந்துவிடாதே. படகு முழுசுக்கும், பம்ப், விளக்கு, ரேடியோ எல்லாவற்றுக்கும் வயர் சைஸ் கணக்கு இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், ஆனாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. நீ சரிபார்த்து, தப்பு இருந்தால் சிவப்பில் அடித்து அனுப்பு. அதுவரைக்கும் ஒரு மீட்டர் வயர்கூட வாங்கமாட்டேன்.

உன் அப்பா,
சுகுமாறன்