சமையல்கட்டுப் பக்கத்து ஸ்பீக்கர்

காஞ்சிபுரம்
17-6-1975

அன்புள்ள மகன் தணிகாசலத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், கூரத்தில் உன் தங்கை லோகாம்பாளும் பிள்ளைகளும் சுகம், நீ சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய இரண்டு ஸ்பீக்கர் பொட்டிகளும் பரம சுகம். உனக்கும் ஒரு குறை வராமல் வரதர் பார்த்துக்கொள்ளட்டும். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு பொட்டி பாடவில்லை, கடைக்காரன் உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டான் என்று அப்பா எழுதிப் போட்டாராமே, எனக்குத் தெரியாமல் போட்டிருக்கிறார். அதற்கு நீ எழுதியிருக்கிறாய், நான் எது செய்தாலும் அவருக்குக் குறைதான், கப்பல் ஏறுகிற அன்றைக்கு வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றவர்தானே, இனிமேல் அவருக்கென்று ஒன்றும் அனுப்பமாட்டேன் என்று. அதைப் படித்துக்கொண்டு நின்றதில் அடுப்பிலிருந்த குழம்பு தீய்ந்துபோனது. நீ மட்டும் ரோஷத்தில் குறைச்சலா, அவர் பிள்ளைதானே. முதலில் இந்தக் கடிதத்தை முழுக்கப் படி, அப்புறம் கோபம் மிச்சம் இருந்தால் பட்டுக்கொள்.

பொட்டிகள் வந்த அன்றிலிருந்து அவர் பட்ட பாட்டைச் சொல்கிறேன் கேள். கூட வந்த காகிதத்தில் படம் போட்டிருந்ததல்லவா, இரண்டு பொட்டியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், கேட்கிறவர் நட்டநடுவில் உட்கார வேண்டும் என்று. பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன மனிதர், நேர்கோடு தப்பினால் தூக்கம் வருமா. நம் கூடத்தில் வலப்பக்கம் சாமிப் படங்கள் இருக்கிற சுவரோரம் தையல் மிஷின்மேல் ஒன்று, இடப்பக்கம் சமையல்கட்டு வாசலோரம் அரிசி டின்மேல் ஒன்று. டின் நாலு விரற்கடை குட்டை என்று செங்கல் வாங்கி வந்து அடுக்கினார். கொடிக்கயிற்றை அவிழ்த்து இரண்டு பக்கமும் அளந்து, சரியாக நடுவில் சாய்வு நாற்காலியைப் போட்டு, கால் வைத்த இடத்தில் சாக்கட்டியால் கோடு வேறு. நான் பெருக்கும்போது கோடு அழியக்கூடாதாம். இத்தனையும் செய்துவிட்டு ரெக்கார்டைப் போட்டு உட்கார்ந்தால் சமையல்கட்டுப் பக்கத்துப் பொட்டி ஊமை என்கிறார். நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன், காதைப் பிளக்கிறது. சொன்னேன், பதிலே இல்லை.

ரேடியோ ரிப்பேர் அந்தோணியிடம் மூன்று தடவை தூக்கிக்கொண்டு போனார். பொட்டியில் ஒரு பழுதும் இல்லை என்று அவன் சத்தியம் செய்கிறான். சரி என்று இரண்டையும் இடம் மாற்றி வைத்தார், நேற்று வரை பாடின பொட்டி சமையல்கட்டுப் பக்கம் வந்ததும் அதுவும் ஊமை. அப்புறம் கண்டுபிடித்தார் பார் ஒரு காரணம், அடுப்புப் புகை சத்தத்தைக் குடித்துவிடுகிறதாம். அதை நம்பி நானும் இரண்டு நாள் தோட்டத்தில் கல் கூட்டிச் சமைத்தேன். பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் தறியை நிறுத்திவிட்டு வந்து வேடிக்கை பார்த்தாள்.

போன வியாழக்கிழமை கூடம் மெழுகும்போது நாற்காலியை நகர்த்தினேன், திரும்பப் போடும்போது முன்பக்கம் பின்பக்கமாகிவிட்டது. அவர் பேப்பர் படித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கூப்பிடுகிறார், சமையல்கட்டுப் பொட்டி பாட ஆரம்பித்துவிட்டது, இப்போது சாமிப்படத்துப் பக்கத்துப் பொட்டி ஊமையாகிவிட்டது என்று. எனக்குச் சந்தேகம் தட்டியது. பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாக அவர் இடக்காதுப் பக்கம் போய் நின்று, கருட சேவைக்கு வாங்கித் தருகிறேன் என்ற புடவை எங்கே, கஞ்சப் பிசினாறி என்றேன். பேப்பரைத் திருப்புகிறார். வலப்பக்கம் வந்து அதே குரலில் அதையே சொன்னேன். யாரைச் சொல்கிறாய் என்று எகிறிக்கொண்டு எழுந்தார்.

பொட்டிக்கு ஒன்றுமில்லைப்பா, உன் அப்பாவுக்கு இடக்காது போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் காட்டினோம், பயமில்லையாம், வலக்காது நன்றாக இருக்கிறதாம். இருபத்தாறு வருஷம் டிரைவர் சீட்டுக்கு இடப்பக்கம் என்ஜின் அலறினால் காது என்னத்துக்கு ஆகும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் அவருக்கே தெரியவில்லை. எனக்கு முதலில் அழுகைதான் வந்தது, அப்புறம் சிரிப்பு. அந்த நாற்காலியில் அவர், சமையல்கட்டில் நான், இத்தனை வருஷமும் அவர் இடக்காதோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். பதில் சொல்லாத திமிர் பிடித்த மனிதர் என்று எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். பொட்டி பேசவில்லை என்று உட்கார்ந்த உடனே கண்டுபிடித்தவருக்கு, பெண்டாட்டி பேசுவது கேட்கவில்லை என்று தெரியவில்லை பார்.

இப்போது நீ யோசித்துப் பார். அன்றைக்குத் துறைமுகத்தில் நான் சாப்பாட்டுக் கூடையோடு அவருக்கு வலப்பக்கம் நின்றேன். நீ எந்தப் பக்கம் நின்றாய்? "போய்ட்டு வரட்டாப்பா, கோவமில்லையே" என்று நீ கேட்டது எனக்குக் கேட்டது. அவர் கிரேனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் கம்பெனியில் சேராமல் போகிறாய் என்ற கோபம் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நாலு வருஷத்தில் நூறு தடவை கேட்டிருப்பேன், எல்லாம் சமையல்கட்டிலிருந்து. நேற்று உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் வலக்காதுப் பக்கம் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி அவரும் ஒரு தடவை படித்தார். அப்புறம் சொன்னார், "அவன் எங்கிட்ட சொல்லிக்காமயே கப்பல் ஏறிட்டான்னு இல்ல நான் நெனச்சிக்கினு இருக்கேன், நாலு வருசமா." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் நாற்காலியை நன்றாகச் சமையல்கட்டுப் பக்கம் பார்த்துத் திருப்பிப் போட்டார். சாக்கட்டிக் கோட்டை அவரே காலால் அழித்துவிட்டார். இப்போது நான் முணுமுணுப்பதெல்லாம் அவருக்குக் கேட்டுவிடுகிறது, அதுதான் கஷ்டம்.

லோகாவின் பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. கூரத்தில் மழை இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி. பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வா, வரும்போது எனக்கும் அவருக்கும் ஒன்றும் வாங்க வேண்டாம். வாசலில் நுழைந்ததும் அப்பாவுக்கு வலப்பக்கமாகப் போய் நில், அதை மட்டும் மறக்காதே. காமாட்சி உன்னை நூறு வயசு நன்றாக வைத்திருப்பாள். கடிதத்தை ஒட்டுவதற்குள் அவர் பேனாவைக் கேட்கிறார், கொடுக்கிறேன்.

உன் அம்மா
பெரியநாயகி

தணிகாசலம், எனக்குக் கோபமில்லை. நல்லபடியாகப் போய் வா.
து. துரைக்கண்ணு